ஹாப்சலு போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டோனியாவின் மேற்குக் கடற்கரையில் ஹாப்சலு என்று ஒரு சின்ன ஊர். சுமார் 10,000 பேர் இருப்பார்கள். நான் தலைநகர் தாலினில் இருந்த காலத்தில் அங்கே நாலைந்து தடவை போய்வந்தேன் என்பது எப்படியோ பரவிவிட்டது. அந்தப் பக்கம் போகிற நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை அலுத்துப்போனதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயரை எப்படிச் சொல்வது? அர்த்தம் என்ன?

"ஹா"வை நன்றாக நீட்டிச் சொல்லுங்கள், மிச்சம் தானாக வந்துவிடும். ஹாப் என்றால் ஆஸ்பென் மரம், சலு என்றால் தோப்பு. நம்மூரில் ஆலங்காடு, புளியந்தோப்பு என்று வைப்பதுபோலத்தான். ஜெர்மன்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் ஹாப்சால் என்றார்கள். பழைய வரைபடங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

தாலினிலிருந்து எப்படிப் போவது?

தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ரயில் கிடையாது. ஆனால் எஸ்டோனியாவின் அழகான ரயில் நிலையங்களில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது! பேருந்து உங்களை இறக்கிவிடுவதும் அதன் வாசலில்தான். அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோட்டை எதற்கு?

கோட்டைதான் முதலில் வந்தது, ஊர் அதன் காலடியில் முளைத்தது. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையோரமும் எதிரே உள்ள தீவுகளும் ஒரு பிஷப்பின் ஆட்சியில் இருந்தன. ஸாரே-லானே மறைமாவட்டம் என்று பெயர், 1228ல் ஏற்பட்டது. பிஷப் என்றதும் பூசை செய்கிற பெரியவரை மட்டும் நினைக்காதீர்கள். வரி வசூல், படை, நீதி, சிறை எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. பழைய பார்னுவில் இருந்த அவருடைய பேராலயத்தை 1263ல் லித்துவேனியர்கள் கொளுத்திவிட்டார்கள். அதன் பிறகு அவர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இந்த நிலமுனைக்கு வந்தார். 1279ல் ஊருக்கு நகர உரிமையும் கிடைத்தது.

மதில் 800 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. உள்ளே கால் வைத்ததும் எதிர்ப்படுவது கோட்டையாகத் தெரியாது. பெரிய புல்வெளி, குழந்தைகள் விளையாடுமிடம், கோடையில் கச்சேரி மேடை. வெளிமுற்றத்துக்குக் கட்டணம் இல்லை. ஊர்க்காரர்கள் அதன் வழியாகத்தான் காய்கறிப் பையோடு குறுக்கே நடந்து போகிறார்கள். உட்கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட். அது புதுப்பிக்கப்பட்டு 2019ல் திறந்தது. இடிந்த சுவரைப் பழையபடி கட்டி மூடி மழுப்பாமல், இடிந்ததை இடிந்ததாகவே விட்டு, நடுவே இரும்புப் படிகளையும் நடைபாலங்களையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த முறை பிடித்திருந்தது. எது 13ஆம் நூற்றாண்டு, எது நேற்று வைத்தது என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. கூடவே வந்த நண்பருக்கு இரும்பைக் கண்டாலே எரிச்சல். "கோட்டைக்குள் மொட்டைமாடிப் படிக்கட்டு" என்று கடைசிவரை புலம்பிக்கொண்டே வந்தார்.

பேராலயத்தில் என்ன விசேஷம்?

தூண் இல்லை. ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் இரண்டு வரிசைத் தூண்களுக்கு நடுவே நடந்து பழகியவர்களுக்கு இங்கே உள்ளே போனதும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். ஒரே கூடம், 425 சதுர மீட்டர், சுவர் 15.5 மீட்டர் உயரம், மேலே கவிந்த கல் விதானம். அதன் பாரம் முழுவதையும் பக்கச் சுவர்களே தாங்குகின்றன. பால்டிக் நாடுகளிலேயே இந்த வகையில் இதுதான் பெரியது. ரோமனெஸ்க் என்ற பழைய கட்டட பாணி முடிந்து கோதிக் பாணி தொடங்கும் காலத்தில் கட்டியதால் இரண்டின் சாயலும் இருக்கிறது. சும்மா ஒரு முறை செருமிப் பாருங்கள், அது அடங்கச் சில விநாடி ஆகும். கச்சேரிக்கு ஏன் இந்த இடத்தைத் தேடி வருகிறார்கள் என்று புரியும்.

இது தனிக் கட்டடம் அல்ல, கோட்டையின் ஒரு பக்கச் சுவரே இந்த ஆலயம்தான். அதனால் கோட்டைக்கு விழுந்த அடியெல்லாம் இதற்கும் விழுந்தது. 1688ல் தீப்பிடித்துக் கூரை போயிற்று. கூரையைத் திரும்பப் போட்டார்கள், 1726ல் புயல் கொண்டுபோயிற்று. அதற்குள் ஊரில் ஆட்கள் குறைந்து, செலவு செய்ய வழியில்லை. சபையார் ஊருக்குள் இருந்த யோவான் ஆலயத்துக்குப் போய்விட்டார்கள். அந்த யோவான் ஆலயமே முதலில் ஒரு சரக்குக் கிடங்காக இருந்தது என்பது தனிக் கதை. 1886 முதல் 1889 வரை பேராலயத்தைச் சீர்செய்து திரும்பத் திறந்தார்கள். சோவியத் காலத்தில் உள்ளே தானியம் கொட்டி வைத்தார்கள். ஆக, கிடங்கு ஆலயமானது, ஆலயம் கிடங்கானது. 1990ல்தான் மறுபடி வழிபாட்டுக்கு வந்தது.

கோட்டை எந்தப் போரில் இடிந்தது?

ஒரே போரில் தரைமட்டமானதாகச் சொல்ல முடியாது. 1559ல் பிஷப் யோஹான்னஸ் ஃபோன் மூன்ஹௌசன் தன் மறைமாவட்டத்தையே 30,000 தாலர் வெள்ளிக்கு டென்மார்க் அரசரிடம் விற்றுவிட்டார். நிலத்தை விற்கலாம், நகையை விற்கலாம், இவர் ஆட்சியையே விலை பேசினார்! அதற்குப் பிறகு ஸ்வீடன், ரஷ்யா, மறுபடி ஸ்வீடன் என்று கை மாறியது. 1628ல் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் கோட்டையை ஊரோடு சேர்த்து யாக்கோப் டி லா கார்டி என்ற பிரபுவுக்கு விற்றார். பிரபு அதை மாளிகையாக்கப் பார்த்தார். ஆசை முழுதாக நிறைவேறவில்லை, பிறகு நான் சொன்ன தீ வந்தது. 1710ல் ரஷ்யா பிடித்தபின், இனி யாரும் உள்ளே புகுந்துகொண்டு சண்டை போடக் கூடாது என்று மதிலை அங்கங்கே இடிக்கும்படி முதலாம் பீட்டர் உத்தரவிட்டார். மிச்சத்தை மழையும் பனியும் பார்த்துக்கொண்டன.

வெள்ளைச் சீமாட்டி நிஜமாகவே தெரிவாளா?

தெரிவாள். ஆகஸ்டு பௌர்ணமியையொட்டிய இரவுகளில், வானம் தெளிவாக இருந்தால்.

கதை இது. பேராலயக் குருக்களில் ஒருவர் எஸ்டோனியப் பெண் ஒருத்தியை விரும்பினார். கோட்டைக்குள் பெண்கள் வரக் கூடாது. தலைமுடியை வெட்டி, பாடகர் குழுச் சிறுவன் வேடத்தில் அவளை உள்ளே கொண்டுவந்தார். கொஞ்ச காலம் யாருக்கும் தெரியவில்லை. பிஷப் வந்தபோது குட்டு வெளிப்பட்டது. குருவை நிலவறையில் போட்டுப் பட்டினியில் சாகவிட்டார்கள். அப்போது ஞானஸ்நான மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் சுவரில் குழி விட்டு, ஒரு துண்டு ரொட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்து, உயிரோடு அவளை உள்ளே வைத்துக் கல்லடுக்கி மூடினார்கள். சில நாள் அழுகுரல் கேட்டதாம்.

பேராலயத்தை ஒட்டி வட்டமாக ஒரு மண்டபம் இருக்கிறதல்லவா, அதுதான். வட்ட வடிவ ஞானஸ்நான மண்டபம் இந்தப் பக்கத்து நாடுகளில் அபூர்வம். அந்த நாட்களில் நிலவு ஒரு ஜன்னல் வழியே சாய்ந்து நுழைந்து உட்சுவரில் விழுகிறது. வெளியே நிற்பவர்களுக்கு அது நடு ஜன்னலில் வெளுத்த உருவமாகத் தெரிகிறது. விளக்கம் தெரிந்தும்கூட, நூறு இருநூறு பேர் இருட்டில் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து நிற்கும்போது முதுகு கொஞ்சம் சில்லிடத்தான் செய்தது. 1979 முதல் இதையொட்டி ஒரு திருவிழாவும் நாடகமும் நடக்கின்றன. அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

கோட்டை ஊர் சரி. கடற்கரையில் இவ்வளவு ஜோடனை வீடுகள் எங்கிருந்து வந்தன?

சேற்றிலிருந்து! விளையாட்டாகச் சொல்லவில்லை. ஹாப்சலு வளைகுடா ஆழமற்றது, நாணல் மண்டியது. இந்தக் கரையே ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. பனியுகத்தில் மேலே கிடந்த பனிப்பாளத்தின் சுமையில் அமுங்கிய நிலம் இன்னும் நிமிர்ந்து முடிக்கவில்லை. கடல் விலக விலக, அடியில் கருஞ்சேறு தங்கிவிட்டது. மூட்டுவலிக்கு ஊர் ஜனங்கள் அதைப் பூசிக்கொள்வதைக் கார்ல் ஆப்ரஹாம் ஹுன்னியஸ் என்ற இராணுவ மருத்துவர் கவனித்தார். 1825ல் முதல் சேற்றுக் குளியல் நிலையத்தைத் தொடங்கினார். அதன் பிறகு அன்றைய ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்கின் பணக்காரர்களும் பிரபுக்களும் அரச குடும்பத்தாரும் கோடை தோறும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காகத்தான் அந்த மரச்சரிகை வேலைப்பாடுள்ள வராந்தாக்கள், நடைபாதை, இசைமேடை எல்லாம்.

சேற்று வைத்தியம் இன்றும் உண்டு. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு, முகர்ந்தால் கெட்டுப்போன முட்டை. சேறு பூசிக்கொண்டு கறுப்பாகத் திரிந்தவர்களால்தான் கரையின் ஒரு பகுதிக்கு ஆப்பிரிக்கா கடற்கரை என்று பெயர் வந்தது என்கிறார்கள். அந்தக் காலத்துச் சீமான்களின் நகைச்சுவை அவ்வளவுதான். பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

குர்சால் என்பது என்ன?

உடம்பு தேற்ற வந்தவர்கள் சாயங்காலம் கூடிப் பாட்டுக் கேட்கவும் ஆடவும் 1898ல் கட்டிய மர மண்டபம். ஜெர்மன் சொல். கடலுக்கு நேரே நிற்கிறது. பால்கனி விளிம்பு, ஜன்னல் மேல்பகுதி, கூரை ஓரம் என்று மரத்தை அறுத்து இழைத்த சரிகை வேலை எங்கும். கிட்டப் போய் ஒரு பலகையைப் பாருங்கள். ஒரே வடிவம்தான், அடுத்தடுத்து நூறு தடவை வருவதால் மாயம் செய்கிறது. கோடையில் உணவகமாக இயங்கும். குளிர்காலத்தில் போனால் பூட்டிய கதவையும் கடற்காற்றையும்தான் பார்க்கலாம்.

சாய்கோவ்ஸ்கிக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

அந்த ரஷ்ய இசையமைப்பாளர் 1867 கோடையை இங்கே கழித்தார். அப்போது அவருக்கு 27 வயது, பெரிய பெயர் வராத காலம். இந்த ஊர் நினைவாக அவர் வெளியிட்ட மூன்று பியானோ துண்டுகளின் தொகுப்புக்கு ஊர்ப்பெயரையே வைத்தார். முதல் துண்டின் தலைப்பு "கோட்டையின் இடிபாடுகள்". கோட்டைக்குப் போகும் முன் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், மெதுவான கனத்த நடை. கரையோர நடைபாதையில் 1940ல் அவர் நினைவாக ஒரு கல்லிருக்கை வைத்தார்கள். செய்தவர் சிற்பி ரோமன் ஹாவமகி. பக்கத்துத் தண்ணீரில் நிற்கிற வெள்ளைக் கரடியும் அவர் கைவண்ணம்தான்.

ரயில் வராத ஊரில் ரயில் நிலையம் எதற்கு?

வந்துகொண்டிருந்த காலத்தில் ரஷ்யாவின் ஜார் மன்னருக்காகக் கட்டியது. 1907ல் முடிந்தது. பொதுமக்களுக்கு ஒரு கட்டடம், அரச குடும்பத்துக்கு ஒரு தனி மண்டபம், இரண்டையும் இணைக்கும் தூண்வரிசை, பின்னால் நடைமேடை. அந்த நடைமேடைதான் சமாச்சாரம். 216 மீட்டர் நீளம், முழுக்கக் கூரை. அரச ரயில் முழுவதும் வந்து நின்றாலும், கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குகிறவர் தலையில்கூடச் சொட்டு விழக் கூடாது என்பது கணக்கு. இரண்டு வரிசை மரத்தூண்கள், உச்சியில் செதுக்கிய தாங்குகட்டைகள். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை சிறுத்து ஒரு புள்ளியாகிவிடும். வேடிக்கை பார்த்தபடி நடந்தால் முழுசாக மூன்று நிமிஷம் ஆகிறது.

பயணிகள் ரயில் 1995ல் நின்றுபோயிற்று. பின்னால் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இருப்புப்பாதை கிடந்த தடம் இப்போது சைக்கிள் பாதை. நிலையத்துக்குள் ரயில்வே அருங்காட்சியகம், வெளியே பழைய நீராவி இன்ஜின்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் கோட்டையைவிட இங்கே அதிக நேரம் ஒதுக்குங்கள், எப்படியும் அவர்கள் கிளம்ப மாட்டார்கள்.

ஊருக்குள் வேறென்ன பார்க்கலாம்?

1775ல் கட்டிய பழைய நகரசபைக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். பத்து நிமிஷம் போதும். ஓவியர் இலோன் விக்லண்ட் சிறுவயதில் தாத்தா பாட்டியோடு வளர்ந்த ஊர் இது. 1944ல், 14 வயதில், படகில் ஸ்வீடனுக்குத் தப்பிப்போய், அங்கே ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் குழந்தைக் கதைகளுக்குப் படம் போட்டுப் பெயர் பெற்றார். அவர் பெயரில் குழந்தைகளுக்கான ஓவியக்கூடம் ஒன்று 2009 முதல் இயங்குகிறது. படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அந்தக் கதைகளில் வரும் தெருக்களும் சின்ன வீடுகளும் கண்ணெதிரே நிற்கும்.

கரையோர ஸ்வீடியர் அருங்காட்சியகமும் உண்டு. இந்தக் கரையிலும் தீவுகளிலும் நூற்றாண்டுகளாக ஸ்வீடிஷ் பேசும் மீனவக் குடும்பங்கள் இருந்தன. 1943, 1944ல் பெரும்பாலோர் கடல்தாண்டிப் போய்விட்டார்கள். அவர்கள் வரலாறு முழுவதையும் 20 மீட்டர் நீளத் திரைச்சீலையில் தைத்து வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காவிட்டாலும் நானே வலியச் சொல்கிற இடம் இதுதான்.

வழியில் கூரையில்லாத அரண்மனை ஒன்று தெரிகிறதே, அது என்ன?

உங்ரு. ரோஹுகுலா துறைமுகம் போகிற சாலையோரம் நிற்கிறது. உங்கெர்ன்-ஸ்டெர்ன்பெர்க் பிரபு எவால்ட், 1893ல் கட்டத் தொடங்கினார். ஜெர்மனியில் மெர்செபுர்க் அரண்மனையைப் பார்த்து அதே சாயலில் எழுப்பியது. அங்கே இருந்த பெண்ணை அவர் கேட்டதாகவும், "இதைப் போலவே ஒரு அரண்மனை கட்டினால் வருகிறேன்" என்று அவள் சொன்னதாகவும், கட்டி முடிவதற்குள் அவள் இறந்துபோனதாகவும் கதை. கதையை விட்டுத்தள்ளினாலும், வெளிச்சுவர் எழும்பியும் உள்வேலை முடியவில்லை, பிரபு காலமானார், யாரும் குடிவரவில்லை என்பது உண்மை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்தே கில்ட்சி விமானத்தளம், சோவியத் போர் விமானங்கள் நின்ற இடம். 1968ல் ஓடுபாதையின் பள்ளங்களை நிரப்பக் கல் வேண்டும் என்று தளத்து அதிகாரி அரண்மனையை இடிக்கச் சொல்லிவிட்டார். பாதி இடித்தபின் தடுத்து நிறுத்தினார்கள். காதலியை நினைத்துச் செதுக்கிய கல் ஜெட் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறது. முகப்புப் பக்கம் நின்று படம் எடுங்கள். உள்ளே ஏறாதீர்கள், மேலிருந்து எது எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

இன்னும் ஒரு நாள் இருந்தால்?

ரோஹுகுலாவிலிருந்து படகேறி வோர்ம்சி தீவுக்குப் போங்கள். ஹுல்லோ கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் 300க்கும் மேற்பட்ட சக்கரச் சிலுவைகள் இருக்கின்றன. வட்டத்துக்குள் சிலுவை செதுக்கிய கற்கள், அந்த ஸ்வீடியக் குடும்பங்களுடையவை. பாசி பிடித்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். சோவியத் காலத்தில் இந்தத் தீவுக்கு வர அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இப்போது சைக்கிள் இருந்தால் போதும். பிரதான நிலத்திலேயே இருக்க விரும்பினால் ரிதலா ஆலயம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தடித்த சுவர், ஆளரவம் குறைவு.

கார் இருந்தால் கொலுவெரெ கோட்டை. தண்ணீர் சூழ்ந்த, ஹாப்சலு பிஷப்புகளின் இன்னொரு கோட்டை. கணவன் அடித்ததால் ரஷ்யப் பேரரசி காதரீனிடம் அடைக்கலம் புகுந்த ஜெர்மானிய இளவரசி அகஸ்டாவை இங்கேதான் அனுப்பி வைத்தார்கள். 1788ல், 24 வயது நிறையுமுன், இங்கேயே இறந்தார். குல்லமா ஆலயத்தில் புதைத்திருக்கிறார்கள். அடித்த கணவர் பிற்காலத்தில் வூர்ட்டெம்பெர்கின் முதல் அரசரானார். கோட்டையை வெளியிலிருந்து பார்த்துத் திரும்பும் எண்ணத்தோடு போங்கள்.

வாங்கி வர என்ன இருக்கிறது?

ஹாப்சலு சால்வை. கையால் பின்னுகிற மெல்லிய கம்பளிச் சரிகை, முழுச் சால்வையும் மோதிரத்துக்குள் புகுந்து வந்துவிடும். நடுப்பகுதியைத் தனியாகவும் ஓரச் சரிகையைத் தனியாகவும் பின்னி, பிறகு இணைத்துத் தைக்கிறார்கள். விரல் வைத்துத் தடவினால் சின்னச் சின்ன முடிச்சு தட்டும். நுப் என்று பெயர். ஒரே கண்ணியில் ஏழு சுற்று எடுத்து, அடுத்த வரிசையில் ஏழையும் சேர்த்து ஒன்றாக இறுக்குவார்கள். அந்தக் காலத்தில் வியாபாரிகள் எடைபோட்டு வாங்கினார்களாம். காற்று மாதிரி இருக்கிற சால்வைக்கு எடை கூட்டத்தான் இத்தனை நுப் என்கிறார்கள். சீசன் விருந்தாளிகளுக்கு விற்பதற்காகப் பெண்கள் நடைபாதையில் உட்கார்ந்து பின்னிய பொருள் இது. சரிகை மையத்தில் இன்றும் பின்னுவதைப் பார்க்கலாம். விலையைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள், ஒன்றுக்கு எத்தனை நாள் ஆகிறது என்று பின்னுகிறவரிடமே கேட்டுப் பாருங்கள்.

மழை பிடித்துக்கொண்டால்?

கண்டிப்பாகப் பிடிக்கும். பேராலயம், ரயில்வே அருங்காட்சியகம், சரிகை மையம் என்று தாவிக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்துக்கு அரைமணி இருந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டாம், ஜாருக்குப் போட்ட கூரை 216 மீட்டருக்கு இருக்கிறது. நான் கடைசியாகப் போனபோது சரியான மழை. அதன் அடியில் ஒரு பாட்டி நாயை முனையிலிருந்து முனைக்கு நடத்திக்கொண்டிருந்தார். நாயின் ஒரு மயிர்கூட நனையவில்லை.